காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவு: விவாகரத்தான பெற்றோரில் யார், எவ்வளவு கொடுக்க வேண்டும்?

உங்கள் கேள்வியின் சாரம் இது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பரஸ்பர சம்மதத்தின் பேரில் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து பெற்றீர்கள். ஒன்பது வயது மகன் உங்களோடு இருக்கிறான். தந்தை மாதம் 15,000 ரூபாய் அனுப்புகிறார். சென்ற ஆண்டு மகனுக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இன்சுலின், உடலில் ஒட்டிச் சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சார், பரிசோதனைகள், மருத்துவர் கட்டணம் எல்லாம் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 18,000 ரூபாய் ஆகிறது. காப்பீட்டு நிறுவனம் இதில் ஒரு ரூபாயைக்கூட ஏற்கவில்லை. தந்தையிடம் கேட்டால், "அந்தப் பதினைந்தாயிரத்திலேயே எல்லாம் அடக்கம், இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய்" என்கிறார். உங்கள் சம்பளம் 40,000, அவருடையது 1,20,000. இந்த நிலையில் சட்டம் என்ன சொல்கிறது, நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் சொல்வது சட்டப்படி நிற்காது. நீங்கள் போட்ட கையெழுத்து, மனைவி என்ற முறையில் உங்களுக்கு உரிய ஜீவனாம்சத்தைக் கட்டுப்படுத்தலாம். மகனுக்குத் தந்தையிடம் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கும் கிடையாது, வேறு எவருக்கும் கிடையாது. பராமரிப்பு பெறும் உரிமை குழந்தையுடையது, பெற்றோர் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கையால் அது அற்றுப்போகாது என்பதை நீதிமன்றங்கள் தொடர்ந்து சொல்லி வந்திருக்கின்றன. ஆனால் உரிமை இருக்கிறது என்பது வேறு, அந்தப் பணம் மாதாமாதம் கைக்கு வருவது வேறு. உரிமையைப் பணமாக மாற்றித் தருவது ஒழுங்காக அனுப்பப்பட்ட பில்களும், தெளிவாக எழுதப்பட்ட ஒரு நீதிமன்ற உத்தரவும்தான். இந்தப் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முதலில் சட்டத்தின் அடிப்படை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு 'பராமரிப்பு' என்பதற்குத் தரும் வரையறையிலேயே உணவு, உடை, உறைவிடம், கல்வி ஆகியவற்றோடு மருத்துவக் கவனிப்பும் சிகிச்சையும் சேர்க்கப்பட்டுள்ளன. 20ஆம் பிரிவு, மைனர் குழந்தையைப் பராமரிக்கும் கடமையைத் தந்தை, தாய் இருவர் மீதும் வைக்கிறது. உங்களுக்கு மிக முக்கியமானது 25ஆம் பிரிவு: பராமரிப்புத் தொகை நீதிமன்றத் தீர்ப்பால் நிர்ணயிக்கப்பட்டிருந்தாலும் சரி, உடன்படிக்கையால் நிர்ணயிக்கப்பட்டிருந்தாலும் சரி, சூழ்நிலையில் கணிசமான மாற்றம் ஏற்பட்டால் அதைத் திருத்தலாம் என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. ஆரோக்கியமாக இருந்த குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் இன்சுலின் தேவைப்படும் நோய் வந்திருப்பதைவிடக் கணிசமான மாற்றம் எது இருக்க முடியும்? பதினைந்தாயிரம் பேசி முடிக்கப்பட்ட நாளில் இந்த நோய் இல்லை. ஆகவே அந்தத் தொகைக்குள் இந்தச் செலவு அடங்கியிருந்தது என்று சொல்லவும் இடமில்லை. அத்துடன், இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, விவாகரத்து ஆணை பிறப்பிக்கப்பட்ட பின்னரும் மைனர் குழந்தையின் பராமரிப்பு குறித்து அவ்வப்போது புதிய உத்தரவுகள் பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. உங்கள் வழக்கு முடிந்துவிட்டது என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். குழந்தையைப் பொறுத்தவரை அந்த வழக்கின் கதவு மூடப்படவே இல்லை.

பிற சமயத்தினருக்கும் வழி உண்டு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 38ஆம் பிரிவும், கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் 44ஆம் பிரிவும் இதே வகை அதிகாரத்தைத் தருகின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு எல்லாச் சமயத்தினருக்கும் பொது. இஸ்லாமியக் குழந்தைகளும் அந்தப் பழைய 125ஆம் பிரிவின் கீழ் தந்தையிடம் பராமரிப்புக் கேட்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1997இல் நூர் சபா காத்தூன் வழக்கில் உறுதி செய்துவிட்டது.

அடுத்து, எந்த விகிதத்தில் பகிர்வது என்ற கேள்வி. இந்தியாவில் இதற்கென்று சட்டத்தில் எழுதப்பட்ட சூத்திரம் எதுவும் இல்லை. ஆனால் வழிகாட்டும் தீர்ப்புகள் இரண்டு உண்டு. 2000ஆம் ஆண்டு பத்மஜா சர்மா எதிர் ரத்தன் லால் சர்மா வழக்கில், பெற்றோர் இருவரும் சம்பாதிக்கும்போது குழந்தைகளின் பராமரிப்புச் செலவை இருவரும் ஏற்க வேண்டும் என்று கூறிய உச்ச நீதிமன்றம், தந்தைக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று பிரித்தது. 2020 நவம்பர் 4 அன்று வெளியான ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு, குழந்தையின் வாழ்க்கைச் செலவில் மருத்துவச் செலவும் அடங்கும் என்று தெளிவாகச் சொன்னதோடு, தாயும் போதிய அளவு சம்பாதித்தால் குழந்தையின் செலவுகளை வருமான விகிதப்படி இருவரும் பகிரலாம் என்றும் கூறியது.

உங்கள் கணக்கை அதன்படி போட்டுப் பார்த்தால், 1,20,000க்கும் 40,000க்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு ஒன்று. மாதச் செலவு 18,000 என்றால் தந்தையின் பங்கு 13,500, உங்கள் பங்கு 4,500. 'ஆளுக்குப் பாதி' என்று பேசி முடித்துவிடலாம் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லக்கூடும். கேட்பதற்கு நியாயமாகவும் தோன்றும். ஆனால் ஒன்பதாயிரம் ரூபாய் உங்கள் சம்பளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அவருடைய சம்பளத்திலோ பதின்மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சமமான தொகை சமமான சுமை ஆகிவிடாது. மேலும், இரவு இரண்டு மணிக்கு எழுந்து குழந்தையின் சர்க்கரை அளவைப் பார்ப்பவர், பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் அலுவலகத்தில் விடுப்பு எடுத்து ஓடுபவர் யாரோ, அவர் ஏற்கெனவே பணமாகக் கணக்கிடப்படாத பெரும்பங்கைச் செலுத்திக்கொண்டிருக்கிறார் என்பதை மனுவில் தயங்காமல் எழுதுங்கள். அதே நேரத்தில், உங்கள் வருமானத்தைக் குறைத்துக் காட்டவோ மறைக்கவோ வேண்டாம். ரஜ்னேஷ் தீர்ப்புக்குப் பிறகு இருதரப்பினரும் சொத்து, கடன், வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும்; அதில் ஒரு பொய் பிடிபட்டால் உங்கள் மற்ற உண்மைகளையும் நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார்.

காப்பீடு ஏன் கைவிட்டது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. நம் நாட்டில் வழக்கமான மருத்துவக் காப்பீடு மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கானது. பொதுவாக 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருக்க வேண்டும், அல்லது ஒரே நாளில் முடியும் சிகிச்சைகளின் பட்டியலில் அது இருக்க வேண்டும். உங்கள் மகன் சர்க்கரை கட்டுமீறி அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டால் பாலிசி பெரும்பாலும் அதை ஏற்கும். அவன் அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கும் அன்றாட இன்சுலினையும், இரு வாரத்துக்கு ஒருமுறை மாற்றும் சென்சாரையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் சராசரிச் சர்க்கரை அளவுப் பரிசோதனையையும் ஏற்காது. பல் சீரமைப்புக் கம்பி, கண்ணாடி, பேச்சுப் பயிற்சி, மனநல ஆலோசனை ஆகியவற்றுக்கும் புறநோயாளிப் பிரிவு சேர்க்கப்படாத பாலிசிகளில் இதே கதிதான். மருத்துவமனையில் சேர்த்த பில்லிலும் கையுறை, ஊசிக்குழல் போன்ற பொருள்கள் கழிக்கப்படும். அறை வாடகைக்கு உச்சவரம்பு உள்ள பாலிசியில் அதைவிடக் கூடுதல் வாடகையுள்ள அறையை எடுத்தால், வாடகை வித்தியாசம் மட்டுமன்றி மருத்துவர் கட்டணம் உள்ளிட்ட பிற செலவுகளும் அதே விகிதத்தில் குறைக்கப்படலாம். ஆகவே 'காப்பீடு ஏற்காத செலவு' என்று உத்தரவில் எழுதும்போது இந்த நான்கையும், அதாவது புறநோயாளிச் செலவு, கழிக்கப்பட்ட தொகை, பாலிசியின் உச்சவரம்பைத் தாண்டிய தொகை, பாலிசி விலக்கிவைத்த சிகிச்சை ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் மகன் தந்தையின் அலுவலகக் குழுக் காப்பீட்டில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பணமில்லாச் சிகிச்சை (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) கிடைக்காத மருத்துவமனையில் நீங்கள் முழுப் பில்லையும் கட்டிவிட்டுப் பிறகு இழப்பீடு கோரினால், அந்தத் தொகை ஊழியரான தந்தையின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். பணம் கட்டியவர் நீங்கள், பணம் பெற்றவர் அவர். அதை இத்தனை நாளுக்குள் உங்களுக்கு மாற்ற வேண்டும் என்ற வரி உத்தரவில் இல்லையென்றால், அதற்கே தனிச் சண்டை போட நேரிடும். காப்பீட்டு அட்டையின் நகலும் பாலிசி எண்ணும் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். விவாகரத்தானதும் மனைவியின் பெயர் குழுக் காப்பீட்டிலிருந்து நீங்கிவிடும். குழந்தையின் பெயர் நீங்க வேண்டியதில்லை, ஏனென்றால் அவன் இன்னும் அந்த ஊழியரின் மகன்தான். நோய் வந்த பிறகு இப்படிப்பட்ட குழந்தைக்குத் தனியாகப் புதிய பாலிசி எடுப்பது கடினம். எடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் விதிக்க நிறுவனங்களுக்கு இடமுண்டு. பல நிறுவனங்களின் குழுக் காப்பீட்டில் அந்தக் காத்திருப்பு இருப்பதில்லை. எனவே தந்தையோடு எவ்வளவு கசப்பு இருந்தாலும், அவருடைய அலுவலகக் காப்பீட்டில் மகனின் பெயர் ஒவ்வோர் ஆண்டும் தொடர்வதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்திலும் காப்பீடு இருந்தால் அதிலும் சேருங்கள். ஒன்றின் வரம்பு முடிந்தால் மீதியை மற்றொன்றில் கோரலாம்.

இனி தந்தையின் பக்கத்தில் நியாயமாக எழக்கூடிய கேள்விகள். முதலாவது, "என்னைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டுப் பில்லை மட்டும் அனுப்பலாமா?" இது புறந்தள்ள வேண்டிய கேள்வி அல்ல. அவரும் பெற்றவர், மகனின் உடல்நிலையை அறிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. அவசரச் சிகிச்சைக்கு எவரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இன்சுலின் பம்ப் வாங்குவது போன்ற பெரிய, அவசரமற்ற செலவை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, ஒரு வாரமாவது அவகாசம் கொடுத்து, அவர் விரும்பினால் மருத்துவரை அவரே சந்தித்துப் பேசவும் வழிசெய்வது முறை. இரண்டாவது, "அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கும்போது தனியாரிடம் ஏன் போக வேண்டும்?" அங்கே கிடைப்பது நல்ல சிகிச்சைதான், அதை நீங்களும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் நீதிமன்றம் பார்ப்பது, பெற்றோரின் வசதிக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் ஏற்ற சிகிச்சை குழந்தைக்குக் கிடைக்கிறதா என்பதையே. மாதம் 1,20,000 சம்பாதிக்கும் தந்தையின் மகன், வசதியில்லாத குழந்தைக்குக் கிடைக்கும் ஏற்பாட்டோடு மட்டும் நின்றுகொள்ள வேண்டும் என்று வாதிடுவது எளிதல்ல. மூன்றாவது, "சென்சார் ஆடம்பரம், விரலில் குத்திப் பார்த்தால் போதாதா?" இதற்கு நீங்கள் வாதாடாதீர்கள், மருத்துவர் எழுதட்டும். குழந்தை மருத்துவரிடமோ உட்சுரப்பியல் மருத்துவரிடமோ, இந்தச் சாதனம் இந்தக் குழந்தைக்கு ஏன் தேவை, எவ்வளவு காலம் தேவை, மாதம் எத்தனை தேவை என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோப்பில் உள்ள மற்ற எல்லாக் காகிதங்களையும்விட அது வலிமையானது.

பில் அனுப்பும் முறைக்கு நம் சட்டத்தில் காலக்கெடு இல்லாததால், இருக்கும் இடத்திலிருந்து ஒரு முறையைக் கடன் வாங்கலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலக் குடும்பச் சட்டம், செலவு ஏற்பட்ட 30 நாளுக்குள் விவரப் பட்டியலை மற்றப் பெற்றோருக்கு அனுப்ப வேண்டும் என்றும், நீதிமன்றம் வேறு கெடு வைக்காவிட்டால் அவர் 30 நாளுக்குள் தம் பங்கைச் செலுத்த வேண்டும் என்றும் வைத்திருக்கிறது. இங்கே எவரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நீங்கள் இன்றிலிருந்தே அப்படி நடந்துகொள்ளுங்கள். மருந்துக் கடையில் துண்டுச்சீட்டு வாங்காமல், மகனின் பெயரும் மருத்துவரின் பெயரும் உள்ள பில்லாக வாங்குங்கள். மருந்துச்சீட்டு, பில், பணம் செலுத்திய சான்று மூன்றையும் சேர்த்து, காப்பீட்டிலிருந்து ஏதாவது வந்திருந்தால் அதைக் கழித்து, மீதியில் அவருடைய பங்கு எவ்வளவு என்று ஒரு வரியில் எழுதி, மாதம் ஒருமுறை ஒரே தேதியில் மின்னஞ்சலில் அனுப்புங்கள். பழைய மனக்கசப்பில் ஒரு சொல்லும் அந்த மின்னஞ்சலில் வேண்டாம். பிற்காலத்தில் நீதிபதி படிக்கப்போகும் காகிதம் அது. அவர் பதில் சொல்லாவிட்டாலும் அனுப்புவதை நிறுத்தாதீர்கள். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சாட்சியச் சட்டத்தின் கண்டிப்பான விதிகளுக்கு உட்படாத ஆவணங்களையும், தகராறைத் தீர்க்க உதவும் என்றால், நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள இடம் தருகிறது. எனவே வாட்ஸ்அப் உரையாடலும் அங்கே பயன்படும். உங்கள் கையில் பணம் வருவதுதான் அவருக்கு உறுத்தல் என்றால், தம் பங்கை மருந்துக் கடைக்கோ மருத்துவமனைக்கோ நேரடியாகக் கட்டும்படி சொல்லிவிடுங்கள். மருந்து வீட்டுக்கு வந்து சேர்வதே நமக்கு வேண்டியது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பில்லை மகனிடம் கொடுத்தனுப்புவதும், "அப்பாவிடம் கேள்" என்று அவனைப் பேச வைப்பதும் கூடவே கூடாது. தன் நோய்தான் பெற்றோரின் சண்டைக்குக் காரணம் என்று நினைக்கத் தொடங்கும் குழந்தை, ஊசி போடும் நேரத்தை மறைக்கும், சர்க்கரை அளவைப் பொய்யாகச் சொல்லும். முதல் வகை நீரிழிவில் அது உயிருக்கே ஆபத்து. அதே போல, பணம் வரவில்லை என்பதற்காகத் தந்தை மகனைப் பார்க்கும் நாள்களை நிறுத்தாதீர்கள். பார்க்கும் உரிமையும் பணம் கொடுக்கும் கடமையும் சட்டத்தில் தனித்தனி; ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர் மீது நீதிமன்றத்துக்கு நல்லெண்ணம் இருக்காது.

நீதிமன்றம் செல்வதற்கு முன் ஒரு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிச் சமரசத்துக்கு அழைக்கலாம். அங்கே எட்டப்படும் உடன்பாட்டை எப்படியும் நீதிமன்ற உத்தரவாகப் பதிவு செய்ய வேண்டும். வாய்ச்சொல்லாகவோ முத்திரைத்தாளில் மட்டுமோ நின்றால் பிற்பாடு நீதிமன்ற உத்தரவைப் போல நேரடியாக நிறைவேற்ற வழியிருக்காது. அவர் உடன்படாவிட்டால் தாமதிக்காமல் மனு செய்யுங்கள். ரஜ்னேஷ் தீர்ப்பின்படி பராமரிப்புத் தொகை மனு தாக்கல் செய்த நாளிலிருந்து வழங்கப்படும். 'இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்' என்று கழியும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கைப்பணம். கடந்த மாதங்களின் பில்களையும் மனுவோடு இணைத்துக் கேளுங்கள். ஆனால் அவை முழுமையாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம். பழைய ஆணையிலேயே மருத்துவச் செலவு பற்றி ஏதாவது வாசகம் இருந்தால் அதற்குப் புதிய மனு தேவையில்லை, அந்த ஆணையைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு போதும். எனவே அந்த ஆணையின் சான்றிட்ட நகலை முதல் வேலையாக எடுத்து ஒரு வழக்கறிஞரிடம் முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின் கீழ் சென்றால் இடைக்காலத் தொகைக்கான மனுவை, எதிர்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த 60 நாளுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்பது விதி. உத்தரவுக்குப் பிறகும் செலுத்தாதவரைச் சிறைக்கு அனுப்பவும் அதில் இடமுண்டு, ஆனால் நிலுவைக்கான மனுவை அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். எந்தப் பிரிவில் சென்றாலும் முந்தைய ஆணையை மறைக்காமல் குறிப்பிடுங்கள். வழக்கறிஞர் கட்டணம் தடையாக இருந்தால், பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உரிமை தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். மருத்துவமனை இந்த உத்தரவுகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்: சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திட்டவரிடமே அது பணம் கேட்கும்; அவர்தான் பிறகு மற்றவரிடம் வசூலிக்க வேண்டும்.

உத்தரவில் இடம்பெற வேண்டிய வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "மாதப் பராமரிப்புத் தொகைக்கு மேலாக, மைனரின் மருத்துவம், பல், கண், மனநலம் ஆகியவற்றுக்குக் காப்பீடு ஏற்காத எல்லாச் செலவிலும் தந்தை 75 விழுக்காடும் தாய் 25 விழுக்காடும் ஏற்பர். செலவு செய்தவர் 30 நாளுக்குள் பில்களை மின்னஞ்சலில் அனுப்புவார். மற்றவர் அடுத்த 15 நாளுக்குள் தம் பங்கைச் செலுத்துவார். அவசரமற்ற, 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட செலவை ஏழு நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். அதற்குள் காரணத்துடன் மறுப்பு வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளப்படும். தந்தை தம் அலுவலகக் காப்பீட்டில் மைனரின் பெயரைத் தொடர்வார். காப்பீட்டிலிருந்து பெறும் தொகையை, பில் கட்டியவருக்கு ஏழு நாளுக்குள் மாற்றுவார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருமானச் சான்றுகளைப் பரிமாறிக்கொண்டு விகிதம் திருத்தப்படும்." தொகையாக எழுதாமல் விழுக்காடாக எழுதுவதுதான் இதில் உயிர்நாடி, மருந்தின் விலை ஏறும்போதெல்லாம் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்காது. இன்னும் விவாகரத்து மனுவில் கையெழுத்திடாதவர்கள் இந்தப் பத்தியை இப்போதே தங்கள் கூட்டு மனுவில் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தை நலமாக இருக்கும் நாளில் இதற்கு ஒப்புக்கொள்வது இருவருக்கும் எளிது.

இந்த உத்தரவு எந்த வயதுவரை என்பதையும் எழுதாமல் விடாதீர்கள். மகனைப் பொறுத்தவரை சட்டப்படியான பராமரிப்பு பொதுவாக 18 வயதோடு நின்றுவிடும்; இன்சுலின் நிற்காது. பெற்றோர் இருவரும் ஒப்புக்கொண்டால், படிப்பு முடிந்து அவன் வேலைக்குச் சென்று சொந்தமாகக் காப்பீடு பெறும் வரை இதே விகிதம் தொடரும் என்று உடன்பாட்டில் எழுதலாம். சமரச மேசையில் நீங்கள் விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டிய வரி அதுவே.